கம்பியில் கோத்த நூலகங்கள்

கல்லூரியில் படித்த நாளில் தினமும் மாலை இரண்டு மணி நேரம் நூலகத்தில் எடுபிடி வேலை பார்த்தேன். சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. மூடும் நேரம் வரை மின்விசிறிக்குக் கீழே உட்காரலாம், கேட்ட புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாம், அவ்வளவுதான். எனக்குக் கொடுத்த வேலை கேட்டலாக் அட்டைகளை அடுக்குவது. தேக்கு மர அலமாரி, அதில் நீள நீளமான இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்குக் குறையாத அட்டைகள். அட்டை 12.5 செ.மீ. நீளம், 7.5 செ.மீ. உயரம். அதன் அடியில், நடுவில் ஒரு துளை. இழுப்பறையின் முன்பக்கத்திலிருந்து ஒரு பித்தளைக் கம்பி அத்தனை துளைகளிலும் நுழைந்து போகும். யாரும் அட்டையை உருவிக்கொண்டு போகாமலிருக்க அந்த ஏற்பாடு.

புதிய அட்டையை நான் நேராகக் கம்பியில் கோத்துவிட முடியாது. அகர வரிசையில் இடம் பார்த்து, கம்பிக்கு மேலே நிற்கும்படி செருகி வைக்க வேண்டும். மற்ற அட்டைகளுக்கு நடுவில் அது தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். மறுநாள் காலை மூத்த நூலகர் வந்து தலை நீட்டிய அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். இடம் சரியென்றால் கம்பியை உருவி, அட்டையைக் கீழே இறக்கி, மறுபடி கம்பியைச் செருகுவார். ஒருநாள் அவர் விடுப்பு. நானே பெரிய மனிதனாகிக் கம்பியை உருவிவிட்டேன். ‘மனம்’ என்று தொடங்கும் ஓர் உளவியல் நூலின் அட்டை ‘மணம்’ வரிசையில், கல்யாணச் சடங்குப் புத்தகங்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டது. அந்த நூலைத் தேடி வந்த பேராசிரியர் அட்டை இல்லை, ஆகவே நூலும் இல்லை என்று திரும்பிப் போனார். நூல் பத்தடி தூரத்தில் அலமாரியில்தான் இருந்தது.

“அட்டை வழி தவறினா புத்தகம் செத்ததுக்குச் சமம், தம்பி” என்றார் நூலகர். திட்டவில்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது.

அந்த அட்டைகளைத் தயாரிப்பதும் அவர்தான். நூலின் தலைப்புப் பக்கத்தைப் புரட்டுவார், ஆசிரியர் பெயரைக் குறிப்பார், கடைசிப் பக்க எண்ணைப் பார்ப்பார், அளவுகோல் வைத்து உயரம் அளப்பார். 20 செ.மீ.க்கு ஒரு நூலிழை கூடினாலும் 21 என்றுதான் எழுத வேண்டும். அலமாரித் தட்டில் நுழைய வேண்டுமே. பிறகு நூலின் பொருள் என்ன என்று முடிவு செய்து, எண் போட்டு, தட்டச்சுப் பொறியில் உட்காருவார். ஆசிரியர் பெயருக்கு ஓர் அட்டை, தலைப்புக்கு ஒன்று, பொருளுக்கு ஒன்றோ இரண்டோ. அதே வாரம் அதே நூலை வாங்கிய பக்கத்து ஊர்க் கல்லூரியிலும் ஒருவர் அளவுகோலும் கையுமாக உட்கார்ந்திருப்பார். நூறு கல்லூரி, நூறு அளவுகோல், எல்லாவற்றிலும் அதே 21 செ.மீ.

இந்த வீண் உழைப்பு கண்ணை உறுத்தியவர்களில் ஒருவர் நம்மூர்க்காரர். சீர்காழியில் 1892-இல் பிறந்து, கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன். நூல் கடைக்கு வருவதற்கு முன்பே, ஒரே இடத்தில் ஒரே தடவை அதன் கேட்டலாக் குறிப்பைத் தயாரித்துவிட வேண்டும் என்றார். பிறப்புக்கு முந்திய கேட்டலாக் என்பது அவர் அதற்கு வைத்த பெயர். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே ஜாதகம் எழுதி வைப்பது மாதிரி. அமெரிக்காவில் காங்கிரஸ் நூலகம் 1901 முதலே அச்சடித்த அட்டைகளை மற்ற நூலகங்களுக்கு விற்றுக்கொண்டிருந்தது. ஆனால் அது ஒருவர் கொடுக்க ஊரார் வாங்கும் ஏற்பாடு. அந்த ஒருவர் கண்ணில் படாத நூலுக்கு அட்டையும் கிடையாது. எல்லோரும் கொடுத்து எல்லோரும் வாங்கும் ஏற்பாட்டைக் கணினியில் செய்து காட்டியது ஒஹாயோ மாநிலம்.

1960களில் ஒஹாயோவின் கல்லூரிகள், தங்களுக்குள் எந்த நூல் எங்கே இருக்கிறது என்பதை ஒரே இடத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள விரும்பின. அவர்கள் மனதில் இருந்தது ஒரு பிரம்மாண்டமான அட்டை அலமாரி. யோசனை சொல்ல அழைத்த ரால்ஃப் பார்க்கரும் ஃபிரெடெரிக் கில்கோரும், அலமாரி வேண்டாம், கணினி வையுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். 1967 ஜூலையில் 54 கல்லூரிகள் சேர்ந்து ஒஹாயோ கல்லூரி நூலக மையத்தைத் தொடங்கின. சுருக்கமாக ஓ.சி.எல்.சி. அதை நடத்த வந்தவர் கில்கோரேதான். ஹார்வர்டில் வேதியியல் படித்தவர். இரண்டாம் உலகப் போரின்போது எதிரி நாடுகளின் பத்திரிகைகளையும் நூல்களையும் தேடிப் பிடித்து மைக்ரோஃபிலிமில் ஏற்றும் வேலையில் இருந்தார். பின்பு யேல் பல்கலைக்கழக மருத்துவ நூலகத்தின் தலைவர்.

கணினியில் அட்டையை ஏற்றுவது என்றால் தட்டச்சு செய்து உள்ளே போடுவதுதானே என்று தோன்றும். அட்டையைப் பார்க்கிற மனிதக் கண்ணுக்கு மேலே இருப்பது ஆசிரியர், அடுத்த வரி தலைப்பு என்று தானே புரிகிறது. கணினிக்கு மேலும் தெரியாது, கீழும் தெரியாது. இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஹென்ரியட் அவ்ரம் என்ற பெண்மணி. நூலகவியல் படித்தவர் அல்ல. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையில் கணினி நிரல் எழுதிப் பழகியவர். 1965-இல் காங்கிரஸ் நூலகத்தில் சேர்ந்து, அட்டையை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து ஒவ்வொரு துண்டுக்கும் எண் கொடுத்தார். ஆசிரியர் என்றால் 100. தலைப்பு என்றால் 245. பக்கமும் உயரமும் 300. பொருள் 650. இந்த முறைக்கு மார்க் என்று பெயர். உலகின் நூலகங்கள் பலவற்றில் இன்றைக்கும் 245 என்றால் தலைப்புதான்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு குட்டி எண். ஆங்கிலத் தலைப்புகள் பல ‘தி’ என்ற சொல்லில் தொடங்கும். அகர வரிசையில் அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. எடுத்தால் பாதி நூலகம் ஒரே எழுத்தில் போய்க் குவிந்துவிடும். எனவே 245-ஐ ஒட்டி ஒற்றை இலக்கம் ஒன்று இருக்கும். அங்கே 4 என்று போட்டால், முதல் நான்கு இடத்தைத் தாண்டி வரிசைப்படுத்து என்று பொருள். ‘தி’க்கு ஆங்கிலத்தில் மூன்று எழுத்து, பிறகு ஓர் இடைவெளி. ‘ஸ்ரீமத் பகவத்கீதை’யை ‘ஸ்’ வரிசையில் தேடுவதா ‘ப’ வரிசையில் தேடுவதா என்று நம் நூலகங்களில் நடந்த சண்டையை, அவ்ரம் ஓர் இலக்கத்தில் முடித்து வைத்திருக்கிறார்.

அடுத்த சிக்கல் தேடுவது. கணினியில் லட்சக்கணக்கான பதிவுகள். அன்றைய கணினியின் நினைவகமோ இன்றைய கைப்பேசியோடு ஒப்பிட்டால் கால் தூசு பெறாது. வெளியூரிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாக வரும் கேள்விக்குச் சில நொடிகளில் பதில் சொல்ல வேண்டும். முழுத் தலைப்பையும் அடித்தால் நேரம் வீண், ஓர் எழுத்து தப்பினாலும் கிடைக்காது. கில்கோர் கண்டுபிடித்த வழியைத் தமிழர்களுக்கு விளக்குவது சுலபம். தி.ஜா., உ.வே.சா., க.நா.சு. என்று இரண்டு மூன்று எழுத்தில் ஆளையே அடையாளம் காட்டுகிற ஊர் இது. அவரும் அதைத்தான் செய்தார். ஆசிரியரின் குடும்பப் பெயரில் முதல் நான்கு எழுத்து, தலைப்பின் முதல் சொல்லில் நான்கு எழுத்து. மொத்தம் எட்டு. தலைப்பை மட்டும் வைத்துத் தேடினால் முதல் சொல்லில் மூன்று, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் இரண்டு, நான்காவதில் ஒன்று. மறுபடியும் எட்டுதான்.

எட்டெழுத்து எப்படிப் போதும்? ஆங்கிலத்தின் 26 எழுத்துகளை எட்டு இடத்தில் மாற்றி மாற்றி வைத்தால் 20,882 கோடிக்கு மேல் சேர்க்கை வரும். நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது. ஸ்மித்தும் ஜான்சனும் ஆயிரக்கணக்கில் எழுதுகிறார்கள், ‘வரலாறு’ என்றும் ‘அறிமுகம்’ என்றும் தொடங்கும் நூல்களுக்கு அளவில்லை. நுட்பம் எங்கே என்றால், ஒரு சொல்லின் முதல் சில எழுத்துகளில்தான் செய்தி இருக்கிறது. ‘ராமசா’ வரைக்கும் படித்தவருக்கு ‘மி’ என்ற எழுத்து புதிதாக எதையும் சொல்வதில்லை. அதே எழுத்தை அடுத்த சொல்லின் தலையிலிருந்து எடுத்தால் அது புதுச் செய்தி. ஒரே சொல்லிலிருந்து எட்டெழுத்து எடுப்பதைவிட நான்கு சொற்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளுவது அதிகம் சொல்லும். கில்கோர் இதைச் சோதித்துப் பார்த்துக் கட்டுரைகளாகவே எழுதியிருக்கிறார்.

1971 ஆகஸ்ட் 26. ஒஹாயோவிலும் ஓர் ஏதென்ஸ் உண்டு; அங்குள்ள ஒஹாயோ பல்கலைக்கழகத்தின் ஆல்டன் நூலகத்தில் அன்றைக்கு ஊழியர்கள் திரைக்கு முன் உட்கார்ந்தார்கள். கணினி இருந்ததோ கொலம்பஸ் நகரத்தில், சாலை வழியாக நூறு கிலோமீட்டருக்கு மேல். கையில் நூல், விரலில் சில எழுத்து. பதிவு திரையில் வந்தால் நூலோடு ஒப்பிட்டுப் பார்த்து, தங்கள் நூலகத்து எண்ணைச் சேர்த்து, ஒரு விசையை அழுத்த வேண்டும். கொலம்பஸில் அட்டைகள் அச்சாகும். அதுவும் அந்த நூலகத்துக்கான அகர வரிசையிலேயே அடுக்கித் தபாலில் வந்து சேரும். நான் மாலை மாலையாகச் செய்த வேலையைக் கணினி போகிற போக்கில் செய்து கொடுத்தது. பதிவு இல்லையென்றால் அவர்களே புதிதாக எழுதி உள்ளே போடுவார்கள். அதன் பிறகு அந்த நூலை வாங்கும் எந்த நூலகமும் அளவுகோலை எடுக்க வேண்டியதில்லை. முதல் நாளில் 133 நூல்கள்.

காசு வாங்கும் முறையும் கெட்டிக்காரத்தனமானது. பிறர் எழுதிய பதிவை முதன்முறை எடுத்துப் பயன்படுத்தினால் கட்டணம். புதிதாக எழுதிப் போடுவதற்குக் கட்டணம் இல்லை. மொய் எழுதுபவரிடம் சாப்பாட்டுக்குக் காசு வாங்கலாம், சமைக்க வந்தவரிடம் வாங்கலாமா?

முதல் ஆண்டில் ஆல்டன் நூலகம் முன்பைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலான நூல்களைக் கேட்டலாக் செய்தது. அதே ஆண்டில் அங்கே ஊழியர் பணியிடங்கள் 17 குறைந்தன. இந்த இரண்டு எண்களையும் வெற்றிக் கணக்காகச் சேர்த்துச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு இரண்டாவதை அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை. அட்டை அடிப்பதும் அடுக்குவதுமே பிழைப்பாக இருந்தவர்களுக்கு அந்த 17 என்பது வெறும் எண் அல்ல.

ஆனால் வேலை மாயமாகிவிடவில்லை, உருமாறியது. ஒஹாயோவின் கம்பி மற்ற மாநிலங்களுக்கும் நீண்டபோது வட்டார நூலகக் கூட்டமைப்புகள் இடையில் நின்றன. அட்லாண்டாவில் சோலிநெட், நியூ இங்கிலாந்துக்கு நெலிநெட், பென்சில்வேனியாப் பக்கம் பாலிநெட், டெக்சாஸில் அமிகோஸ். இவற்றின் முக்கிய வேலையே பயிற்சி. முப்பது வருடம் தட்டச்சுப் பொறியோடு வாழ்ந்த நூலகரை உட்கார வைத்து, 245-க்குப் பக்கத்தில் ஏன் 4 வருகிறது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். பிறர் எழுதிய பதிவைச் சரிபார்த்து எடுப்பதே தனிப் பணியானது. நூலகங்களுக்கு இடையே நூல் கடன் கேட்கும் வசதி 1979-இல் இதே கணினியில் வந்ததும் அதற்கும் தனி ஆட்கள் தேவைப்பட்டார்கள். காலப்போக்கில் கூட்டமைப்புகளும் ஒன்றோடொன்று கலந்தன. சோலிநெட்டும் பாலிநெட்டும் 2009-இல் இணைந்து லைராசிஸ் ஆயின. அதே ஆண்டு நெலிநெட்டும் அதில் போய்ச் சேர்ந்தது. கேட்டலாகர் என்ற பழைய பதவிக்கு இன்றைய வேலைவாய்ப்பு அறிவிப்புகளில் பெரும்பாலும் மெட்டாடேட்டா நூலகர் என்று பெயர். பெயர் புதிது, வேலை அதே தலைப்புப் பக்கம்தான்.

அட்டையும் உடனே சாகவில்லை. கணினி வந்த பின்தான் அட்டை அச்சடிப்பது பெருகியது என்பது வேடிக்கை. 1985-இல் மட்டும் ஓ.சி.எல்.சி. 13.1 கோடி அட்டைகள் அச்சிட்டது. கடைசித் தொகுதி அச்சானது 2015 அக்டோபர் 1 அன்று. அதுவரை மொத்தம் 190 கோடி.

ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் என்றால், ஒருவர் தப்பாக எழுதினாலும் எல்லோருக்கும்தானே? நான் செய்த ‘மணம்’ குளறுபடி ஓர் இழுப்பறையோடு போயிற்று. கம்பியில் கோத்த நூலகங்களில் ஒரு பிழை ஒரே நாளில் ஆயிரம் ஊருக்குப் போகும். அதற்கு எத்தனையோ காவல்கள். நூலின் பின்னட்டையில் இருக்கிற ஐ.எஸ்.பி.என். எண்ணிலேயே ஒன்று ஒளிந்திருக்கிறது. பழைய பத்திலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 0-306-40615-2. முதல் இலக்கத்தை 10-ஆல் பெருக்குங்கள், அடுத்ததை 9-ஆல், அதற்கடுத்ததை 8-ஆல், இப்படியே கடைசி இலக்கத்தை 1-ஆல். கூட்டினால் 132. அது 11-ஆல் மீதியில்லாமல் வகுபடும். கடைசி 2 என்பது அப்படி வகுபட வேண்டும் என்பதற்காகவே சேர்த்த இலக்கம். (சில நேரம் அந்த இடத்தில் 10 தேவைப்படும். ஓர் இலக்கத்துக்குத்தானே இடம் இருக்கிறது. அதனால்தான் பழைய நூல்கள் சிலவற்றில் எண்ணின் முடிவில் ‘எக்ஸ்’ என்ற ரோமன் பத்து நிற்கும்.) தட்டும்போது ஓர் இலக்கம் தப்பினாலும், எந்த இரண்டு இலக்கம் இடம் மாறினாலும் 11 காட்டிக்கொடுத்துவிடும். காரணம், 11 பகா எண். இடத்தின் பெருக்கெண்ணும் இலக்க வித்தியாசமும் 11-ஐவிடச் சிறியவை. அவற்றைப் பெருக்கினால் ஒருபோதும் 11-இன் மடங்கு வராது. 2007 முதல் வந்த பதின்மூன்று இலக்க எண் இந்தக் காவலில் கொஞ்சம் கோட்டை விட்டது. அதில் அடுத்தடுத்து இருக்கும் 1-உம் 6-உம் இடம் மாறினால் கண்டுபிடிக்காது. பழையதுதான் மேல் என்பேன்.

எண்ணுக்குக் காவல் உண்டு, எழுத்துக்கு இல்லை. அங்கேதான் தமிழ் வருகிறது. அமெரிக்காவின் பி.எல். 480 சட்டப்படி நாம் வாங்கிய கோதுமைக்கு ரூபாயில் பணம் கொடுத்தோம். அந்த ரூபாய் இந்தியாவிலேயே குவிந்து கிடந்தது. அதில் ஒரு பகுதியைக் கொண்டு நூல்கள் வாங்கலாம் என்று முடிவாகி, காங்கிரஸ் நூலகம் 1962-இல் டெல்லியில் அலுவலகம் திறந்தது. நாம் தின்ற கோதுமையின் விலையில் நம் புத்தகங்களே சிகாகோவுக்கும் பெர்க்லிக்கும் கப்பலேறின. அவற்றுக்கும் கேட்டலாக் வேண்டும்; அன்றைய கணினிக்கோ தமிழ் எழுத்து தெரியாது. ரோமன் எழுத்தில்தான் பதிந்தார்கள். ‘ள’வுக்கு எழுத்தின் கீழே புள்ளி, ‘ழ’வுக்குக் கீழே கோடு, நெடிலுக்கு மேலே கோடு என்று மிகக் கவனமான முறை. ஆனால் தேடும்போது கணினி புள்ளியையும் கோட்டையும் கண்டுகொள்வதில்லை. விளைவு, வலியும் வழியும் வளியும் ஒன்று. கலையும் காலையும் காளையும் ஒன்று. பள்ளியைத் தேடினால் பல்லி வரும். மனமும் மணமும்? நான் இருபது வயதில் கம்பியை உருவிச் செய்ததைக் கணினி விதிப்படியே செய்தது.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த முறையில் ‘க’ எப்போதும் ‘க’தான், ‘ப’ எப்போதும் ‘ப’தான், மெல்லொலி வல்லொலி பேதம் இல்லை. ஆகவே தமிழ்த் தலைப்பில் வரும் காந்தியின் பெயரை ஆங்கிலத்தில் வழக்கமாக எழுதுகிறபடி தட்டினால் அகப்படாது, பாரதியும் அப்படியே. புதுமைப்பித்தனும் சொ. விருத்தாசலமும் ஒருவர்தான் என்பதும் கணினிக்குத் தானாகத் தெரியாது. யாரோ ஒரு தமிழ் தெரிந்த நூலகர் உட்கார்ந்து இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒரே ஆள் என்று பெயர்க்கோப்பில் எழுதி வைத்தால்தான் உண்டு. பின்னாளில் தமிழ் எழுத்திலேயே தலைப்பைப் பதியும் வசதி வந்தது. அப்படியும் பழைய பதிவுகள் பல ரோமன் உடுப்பிலேயே நிற்கின்றன. அவற்றைத் திறந்து, நூலை எடுத்துப் பார்த்து, தமிழ்த் தலைப்பைச் சேர்க்க ஆள் வேண்டும். தமிழும் தெரிந்து 245-உம் தெரிந்த ஆட்கள் உலகத்தில் அதிகம் பேர் இல்லை. நூலக அறிவியல் படிக்கிற நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய வேலை இது.

படிக்காதவர்களும் ஒரு கை கொடுக்கலாம். ஓ.சி.எல்.சி.யின் கூட்டுக் கேட்டலாக்கான வேர்ல்ட்கேட் 2006 முதல் யாரும் இலவசமாகத் தேடும்படி திறந்திருக்கிறது. உங்கள் தாத்தாவோ ஊர் வாத்தியாரோ எழுதிய நூல் ஒன்றை அதில் தேடிப் பாருங்கள். எங்கேயோ பனி கொட்டும் ஊரில் ஒரு பிரதி இருந்தாலும் இருக்கும், பெயர் தப்பாக இருந்தாலும் இருக்கும். தப்பாக இருந்தால் அதை வைத்திருக்கும் நூலகத்துக்கு எழுதுங்கள். எந்தப் பதிவு, என்ன தவறு, தலைப்புப் பக்கத்தின் படம் ஒன்று: இவ்வளவு அனுப்பினால் போதும், மீதியை அங்கிருக்கும் நூலகர் பார்த்துக்கொள்வார்.